கச்சேரி நானா நடத்திய கச்சேரி

மனித குலம் இதுவரை செய்த உருப்படியான காரியம் ஒன்றே ஒன்றுதான் என்பது கச்சேரி நானாவின் தீர்ப்பு. சக்கரத்தைக் கண்டுபிடித்ததோ, சந்திரனில் போய் இறங்கியதோ அல்ல. எங்கோ ஒரு வறண்ட தேசத்தில் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த சனங்களுக்காக, சீமையில் ஒரு பெரிய மைதானத்தில், பேர்போன ரொக் பாட்டுக்காரர்கள் எல்லோரும் சம்பளம் வாங்காமல் நாள் முழுக்கப் பாடினார்களே, அந்தக் கச்சேரி. அதற்கு முன் உலகத்தில் நடந்ததெல்லாம் அதற்கான ஆயத்தம். அதற்குப் பின் நடப்பதெல்லாம் அதைப் பற்றிய பேச்சு.

பேச்சின் தலைமையகம் ஹட்டனில் அவருடைய கடை. முதலில் ரேடியோ, பிறகு டீவி, இப்போது போன் என்று காலத்துக்கு ஏற்றபடி எதையாவது பிரித்துப் போட்டுத் திருத்துகிற கடை. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம்; அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கும் கரண்ட் பில் கொடுக்க வருகிறவருக்கும் மட்டும்தான் தெரியும். எங்கள் நாட்டில் அரசாங்க அதிபரின் அலுவலகத்தையும் கச்சேரி என்றுதான் சொல்வோம். அதனால் காணிப் பிரச்சினை, ஓய்வூதியப் பிரச்சினை என்று வெளியூரிலிருந்து வந்து "கச்சேரிக்கு எப்படிப் போறது?" என்று கேட்கும் அப்பாவிகளைப் பஸ் நிலையத்துக் குறும்பர்கள் நேரே நானாவிடம் அனுப்பிவிடுவார்கள். நானா அவர்களை உட்கார வைத்து, பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, அந்தக் கச்சேரியில் இரண்டு பாட்டைப் போட்டுக் காட்டித்தான் அனுப்புவார். நுவரெலியாவில் உள்ள நிஜக் கச்சேரியில் அந்த உபசாரம் கிடைக்காது என்பதால் யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கடைக்கு மேல்மாடியில் நான் டியூஷன் வகுப்பு நடத்தினேன். கீழே டிரம்ஸ், மேலே கணிதம். என் மாணவர்களில் சிலருக்கு இன்றைக்கும் காலால் தாளம் போடாமல் சூத்திரம் ஞாபகத்துக்கு வராது.

நானாவின் ஆயுள்கால எதிரி கண்டாக்கையா. திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மலைவேலையை மேற்பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்து, நானாவின் கடையில் சண்டை போட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவார்.

சண்டைக்கு மூலகாரணம் ஒரு டீவி. அந்தக் கச்சேரி நடந்தபோது தோட்டத்தில் டீவி இருந்தது உத்தியோகத்தர் கிளப்பில் மட்டும்தான். அன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பிடிப்பதற்காக ஹட்டனிலிருந்து அப்போது இளைஞனாக இருந்த நானாவை அழைத்துப் போயிருந்தார்கள். அவர் வெளியே நின்று இடப்பக்கத்து ஜன்னல் வழியே பார்த்தார். உள்ளே விளையாட்டுக் கோப்பைகள் வரிசையாக இருந்ததால் படத்தின் மேல்பாதிதான் அவருக்குத் தெரிந்தது. கண்டாக்கையா புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் என்பதால் அவருக்கு உட்கார இடமில்லை. கடைசியில் நின்றார். முன்னால் பெரிய கிளாக்கர் வீட்டம்மாவின் கொண்டை. அதற்கும் கீழே, தோள் இடுக்கு வழியாக அவருக்குத் தெரிந்தது கீழ்ப்பாதி.

நானாவின் கட்சி, அன்றைக்கு மைதானத்தையே கிறங்கடித்தவன் ஒரு தொப்பிக்காரன். கண்டாக்கையாவின் கட்சி, தொப்பியாவது ஒன்றாவது, எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவன் செருப்பில்லாமல் ஆடிய வெறுங்காலன்.

"தொப்பிக்காரன் தலைய ஒரு ஆட்டு ஆட்டினானே, நீங்க பாத்தீங்களா கண்டாக்கையா?"

"தலைய ஆட்டுறதெல்லாம் ஒரு பாட்டா நானா? அந்த வெறுங்கால்காரன் குதிச்ச குதி இருக்கே! மேடையே ஆடிச்சுங்க."

"வெறுங்காலன்னு ஒருத்தன் வரவே இல்ல. நான் முழுசாப் பாத்துட்டு ஈக்கிறன்."

"தொப்பி போட்டவனும்தான் வரல. நான் கண்ணால பாத்தவன்."

நாற்பது வருடம் இப்படியே ஓடியது. இரு பக்கத்துக்கும் ஆள் சேர்ந்தது. கச்சேரி நடந்தபோது பிறந்தே இருக்காத ஆட்டோக்காரர்கள்கூடத் தொப்பிக் கட்சி, வெறுங்கால் கட்சி என்று பிரிந்து நின்று, "அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா" என்று பெருமூச்சு விட்டார்கள். இந்தத் தொல்லை தாங்காமல் ஒரு நாள் நான் இணையத்தில் தேடி, அவர்கள் சண்டை போட்ட அந்தப் பாட்டைக் கண்டுபிடித்து, கணினியின் திரையில் இருவருக்கும் முழுசாகப் போட்டுக் காட்டினேன். மேடைக்கு ஒரே ஒரு ஆள்தான் வந்தான். தலையில் தொப்பி. காலில் செருப்பில்லை.

இனி நிம்மதியாகப் பாடம் நடத்தலாம் என்று நினைத்தேன். நானா தொண்டையைச் செருமினார்.

"சரி, ஒரே ஆள்தான். ஆனா அவன்ட வெற்றிக்குக் காரணம் தொப்பிதான்."

"தொப்பியா? கால்தாங்க காரணம்!" என்றார் கண்டாக்கையா, நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு.

அந்தச் சண்டை இன்னும் ஒரு நாற்பது வருடத்துக்குப் போதும் என்று இருந்தபோதுதான் அந்தப் பெருமழை வந்தது. மலை இறங்கியது. கண்டாக்கையாவின் தோட்டத்தில் மேல்லயத்தை, தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த வரிசை வீடுகளை, மண் மூடிவிட்டது. தப்பியவர்கள் உடுத்த துணியோடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். பாதை திறந்ததும் நானா கடையைப் பூட்டிவிட்டுக் கண்டாக்கையாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பெருநாளுக்கு மட்டுமே பூட்டுகிற கடை அது.

திரும்பி வந்தவர் என் வகுப்புக்குப் படியேறி வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தார்.

"மாஸ்டர், புள்ளைகள் மேசைக்கு மேல படுத்துட்டு ஈக்கிது. நாங்க ரெண்டு பேரும் நாப்பது வருஷமா தொப்பியா காலான்னு பேசிட்டு ஈந்திரிக்கிறோம். பசிச்சவனுக்காகப் பாடின கச்சேரி அது. அதை மட்டும் ஒரு நாளும் பேசல்ல. எனக்கு வெக்கமா ஈக்கி."

"என்ன செய்யப் போறீங்க நானா?"

"கச்சேரி வெக்கப் போறன்."

நல்ல காரியம் என்றால் எங்கள் ஊரில் முதலில் ஒரு குழு அமைக்க வேண்டும். குழு அமைந்தது. யார் பாடுவது என்பதை ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிவு செய்தார்கள். பிரதம அதிதி யார் என்பதை முடிவு செய்ய ஒரு வாரம் ஆனது. கடைசியில் ஒரு அரசியல் கட்சியின் அமைப்பாளர் மேடையும் கூடாரமும் இலவசமாகத் தருவதாகச் சொல்லித் தேர்தலே இல்லாமல் வென்றார். அவர் அனுப்பிய பதாகையில் அவர் முகம் ஒரு லயத்துச் சுவரை மறைக்கிற அளவுக்கு இருந்தது. மண்சரிவு என்ற சொல் அவருடைய கைக்கடிகாரத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரிந்தது.

நானா இரண்டு விதிகள் வைத்தார். முதலாவது, காசு வேண்டாம். உள்ளே வருகிறவர்கள் பாவிக்கக்கூடிய ஒரு பொருள் கொண்டுவர வேண்டும். இரண்டாவது, சீமைக் கச்சேரியில் இருந்ததாக அவர் நம்பிய ஏற்பாடு. மேடையில் பச்சை, மஞ்சள், சிவப்பு பல்புகள் எரியும். சிவப்பு எரிந்தால், பாடுகிறவன் யாராக இருந்தாலும் மைக் செத்துவிடும்.

தோட்டத்து மைதானத்து வாசலில், வருகிற பொருளைத் தரம் பார்க்கக் கண்டாக்கையாவை நிறுத்தினார்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் முற்றின இலையைத் தூக்கி எறிந்து பழகிய கை. டவுனிலிருந்து சொகுசு வேனில் வந்த ஒரு சங்கத்தார் ஒரு பெட்டியும் நிறையக் கமராக்களும் கொண்டுவந்தார்கள். பெட்டியைத் திறந்த கண்டாக்கையா உள்ளேயிருந்து ஒரு கழுத்துப் பட்டியைத் தூக்கிப் பிடித்தார்.

"இதைக் கட்டிக்கிட்டு எங்க சனம் எந்த பேங்குக்கு வேலைக்குப் போறாங்க?"

அடுத்து வந்தது குதி உயர்ந்த ஒற்றைச் சப்பாத்து.

"மத்தது எங்க?"

"அது... தேடிட்டு இருக்கோம் ஐயா."

"கிடைச்சதும் ரெண்டையும் நீங்களே போட்டுக்கிட்டு அரிசி வாங்கிட்டு வாங்க."

வேன் திரும்பிப் போய் அரிசி மூட்டையோடு வந்தது. இதுவும் கமராவில் பதிவானது.

பெரிய இடியாக, ஒலிபெருக்கி கொண்டுவந்த லொறி கினிகத்தேனைக்கு அப்பால் மண் விழுந்த இடத்தில் மாட்டிக்கொண்டது. குழுவின் தலைவர் உடனே கச்சேரியை ஒத்திவைப்பது பற்றி ஆராய ஒரு உபகுழு அமைக்கலாம் என்றார். நானா அதைக் காதில் வாங்காமல் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, லயத்துக்கு லயம் மெட்டுப் போட்டுக்கொண்டு பாண், அதாவது ரொட்டி, விற்கும் ஆட்டோ ஒன்று மேலே ஏறி வந்தது. கூரையில் ஒலிபெருக்கி. ஓட்டியவர் ஒரு சிங்கள இளைஞர். நானா பாதையின் நடுவே போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். அவர் மேடையைப் பார்த்தார், பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். "ஹரி நானா, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி ஆட்டோவை மேடைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

ஒரே ஒரு குறை. மைக்கை அணைத்தால், பாண் மெட்டு தானாகவே தொடங்கிவிடும்.

ஆகவே கோவில் பஜனைக் குழு பாடி முடித்ததும் பாண் மெட்டு. தேவாலயப் பிள்ளைகள் பாடி முடித்ததும் பாண் மெட்டு. தலவாக்கலையிலிருந்து வந்த கல்யாண வீட்டு பேண்ட் கோஷ்டி முடித்ததும் பாண் மெட்டு. ஒவ்வொரு தடவையும் கீழ்லயத்திலிருந்து யாராவது பையைத் தூக்கிக்கொண்டு பாண் வாங்க மேலே ஏறி வந்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. எந்த விளம்பரமும் சேர்க்காத கூட்டத்தை அந்த மெட்டுச் சேர்த்தது.

பிறகு அமைப்பாளர் வந்தார். மாலை போட்டார்கள். மைக்கைப் பிடித்தார்.

"சிறு வயதிலிருந்தே இசைக்கும் எனக்கும் உள்ள உறவை இந்த நேரத்தில்..."

பச்சை பல்பு எரிந்தது. அவர் பள்ளிப் பருவத்தைச் சொன்னார். மஞ்சள் எரிந்தது. அவர் தேர்தல் பருவத்துக்கு வந்தார். குழுவினர் மேடைக்குப் பின்னால் ஓடி நானாவின் கையைப் பிடித்தார்கள்.

"நானா, அவருக்கு மட்டும் விடுங்க!"

"சீமையில அந்தப் பெரிய பாட்டுக்காரனுக்கே விடல்ல. இவருக்கு விடவா?"

சிவப்பு எரிந்தது. மைக் செத்தது. "உங்கள் ஒவ்வொருவருக்கும் காணி..." என்று அமைப்பாளரின் வாய் அசைய, மைதானம் முழுக்கப் பாண் மெட்டு கேட்டது. பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருந்த மேல்லயத்துச் சனம், மலை இறங்கிய நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தது.

அமைப்பாளர் சிரிக்கவில்லை. மாலையைக் கழற்றிக் காரில் ஏறினார். அவருடைய ஆட்கள் கூடாரத்தைக் கழற்றி லொறியில் ஏற்றினார்கள். கூடாரம் போன கையோடு தூறல் விழ ஆரம்பித்தது. கூட்டம் கலைந்து எழுந்தது. நானா நனைந்த வயர்களுக்கு நடுவே நின்று, எல்லாம் போச்சு என்கிற மாதிரி வானத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் கண்டாக்கையா மேடையில் ஏறினார். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாளும் பாவிக்காத பெரட்டுக் குரலை எடுத்தார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற குரல், அடுத்த மலைக்குக் கேட்கும்.

"எங்க போறீங்க எல்லாரும்? மழைய இன்னைக்குத்தான் பாக்குறீங்களா? படங்கை எடுத்துக்கிட்டு வாங்க!"

படங்கு என்பது கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் சுற்றுகிற தடித்த ரெட்டுத் துணி. லயங்களிலிருந்து படங்குகள் வந்தன. பெண்கள் நாலு மூலையிலும் நின்று தலைக்கு மேலே பிடித்தார்கள். மேடைக்குப் புதுக் கூரை வந்துவிட்டது. அதில் யாருடைய முகமும் இல்லை.

அடுத்தது மேல்லயத்துத் தப்பு மேளக்காரர்கள். அவர்கள் வெறுங்கையோடு எழுந்து வந்தார்கள்.

"தப்பெல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சுங்க" என்றார் மூத்தவர்.

கண்டாக்கையா வாசலுக்குப் போய், சனம் கொண்டுவந்து குவித்திருந்த பிளாஸ்டிக் வாளிகளைத் தூக்கிவந்து அவர்கள் முன்னால் வைத்தார். மூத்தவர் ஒரு வாளியைக் கவிழ்த்து விரலால் தட்டிப் பார்த்தார். இன்னொன்றைத் தட்டினார். தலையை ஆட்டினார். பிறகு அடித்தார்கள். நான் இசை தெரிந்தவன் அல்ல, ஆகையால் அதை விவரிக்க மாட்டேன். படங்கு பிடித்த பெண்கள் படங்கோடு ஆடினார்கள். பஜனைக் குழுவும் தேவாலயப் பிள்ளைகளும் ஆடினார்கள். பாண் விற்ற இளைஞர் ஆட்டோவின் கூரையில் ஏறி ஆடினார். சிவப்பு பல்பு எரிந்து, நனைந்து, அணைந்தும் போனது. மைக்கை யாரும் அணைக்கவில்லை.

அணைக்க வேண்டிய நானா எங்கே என்று போய்ப் பார்த்தேன். பாண் ஆட்டோவுக்குள், தட்டுகளுக்கு நடுவே குனிந்து, விட்டுப்போன இரண்டு வயர்களை விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். கையை எடுத்தால் ஒலி நின்றுவிடும். அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது மீன் அடைத்த மாலு பணிஸ் ஒரு தட்டு மட்டும்தான்.

"மாஸ்டர், என்ன நடக்குது அங்க? செல்லுங்களேன்!"

என்னால் அந்தச் சத்தத்தில் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு அரிசியும் பாயும் போர்வையும் நிறைந்தன. காணி தருவதாக அறிவிக்கும் பலகையையும் பிறகு வந்து நட்டார்கள். காணி வரவில்லை. சனம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. கண்டாக்கையா அவர்களைக் கூட்டிக்கொண்டு நிஜக் கச்சேரிக்குப் போய்வருகிறார்.

மழைக்குப் பயந்து எல்லோரும் போனை உறையில் போட்டு மூடிவிட்டதால் அந்த வாளிக் கச்சேரியை யாரும் படம் பிடிக்கவில்லை. அதனால் என்ன, இப்போது ஹட்டனிலிருந்து டயகம வரைக்கும் அதைப் பார்க்காதவர் ஒருவர்கூட இல்லை. அத்தனை பேரும் நின்றிருந்தால் அந்த மைதானமே ஆற்றுக்குள் இறங்கியிருக்கும். நீல வாளிதான் உயிர் என்று ஒரு கட்சி, சிவப்பு வாளி என்று ஒரு கட்சி. அமைப்பாளரின் மைக்கை நானா வேண்டுமென்றே அணைத்தாரா, அல்லது வயர் விட்டதா என்று இன்னொரு விவாதம். எல்லாம் நானாவின் கடையில்தான் நடக்கிறது.

நானா மட்டும் விவாதத்தில் கலந்துகொள்வதில்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, "அன்டைக்கு நீங்க என்ன பாத்தீங்க?" என்று கேட்கிறார். ஒருவர் சொன்னதற்கும் மற்றவர் சொன்னதற்கும் பொருந்தாது. அவர் எல்லாவற்றையும் நம்புகிறார். என்னிடமும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டார். ஒவ்வொரு தடவையும் நான் முதலிலிருந்து சொல்கிறேன், போன தடவையைவிடக் கொஞ்சம் கூட்டியே.