எட்டு வெள்ளிக்கிழமைச் சதி

"ஹீட்டர்காரர் ஆறு மணிலேர்ந்து ஒம்போது மணிக்குள்ள எப்ப வேணா வருவாராம். நீ வீட்ல இரு மெர்ல்," என்று சொல்லிக்கொண்டே டோரீன் சிவப்புக் கம்பளிச் சட்டையைத் தலைவழியாக இழுத்து மாட்டினாள்.

மெர்ல் ஹோஸ்டெட்லர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தே முக்கால். டன்லெவி உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து ஆட்டம் ஏழு மணிக்கு.

"ஏன், நீ இருக்கக் கூடாதா?"

"பாப்கார்ன் கடை இந்த வாரம் என் முறை. நான் இல்லாட்டி ஊரே பட்டினி."

"காலைல ஹீட்டர் நல்லாத்தானே ஓடிச்சு?"

"காலைல நீயும் நல்லாத்தான் இருந்தே. இப்ப உர்ருனு இல்ல? அது மாதிரிதான்."

கதவு சாத்திக்கொண்டது. மெர்ல் விரல் விட்டு எண்ணினார். ஏதாவது ஒன்று குறுக்கிட்டு அவர் ஆட்டத்துக்குப் போக முடியாமல் போவது இது ஏழாவது வெள்ளிக்கிழமை.

இண்டியானாவில் ஒரு சிற்றூர்க்காரனுக்கு வெள்ளிக்கிழமை மாலை கூடைப்பந்து நடக்கிற பள்ளிக்கூட ஜிம்மை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. மெர்ல் இருபத்தேழு வருடமாக அங்கே மூன்றாவது வரிசையில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வந்தவர். ஊர் வாரப் பத்திரிகையில் 'மூன்றாம் வரிசையிலிருந்து' என்று ஒரு பத்தியும் எழுதுகிறார். பகலில் டிராக்டர் உதிரிபாகக் கடையில் கவுன்டருக்குப் பின்னால் நிற்பது வயிற்றுக்காக. பத்தி எழுதுவது மூளைக்காக என்பது அவர் கணிப்பு. படிக்கிறவர்களின் கணிப்பு வேறாக இருந்தது.

அவருக்கு எதிலும் சந்தேகம். நகரத்துக்குப் போய்த் தொழில்முறை அணியின் ஆட்டத்தை இந்தப் பருவத்தில் நான்கு முறை பார்த்தார். நான்கிலும் சொந்த அணி தோற்றது. 'கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவன், யாரும் தடுக்காமல் நின்று எறிகிற ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டால் அதற்குப் பெயர் தவறு அல்ல, ஏற்பாடு' என்று எழுதினார். 'பள்ளிக்கூடப் பையன்கள் அப்படி இல்லை. பெற்ற தாய் பார்த்துக்கொண்டிருக்கும்போது எவனும் வேண்டுமென்று தோற்க மாட்டான்' என்றும் எழுதினார்.

பள்ளி அணியும் முதல் நான்கு ஆட்டங்களில் மண்ணைக் கவ்வியது. அதற்கு நடுவர்கள் காரணம் என்று அவர் ஒரு பத்தி எழுதினார். அதன் பிறகு மெர்லுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வெள்ளிக்கிழமை படுத்தார். அணி ஜெயித்தது. அடுத்த வெள்ளி, கடை முதலாளி கர்ட் அவசரமாக ஒரு பம்ப் வேண்டும் என்று ஃபோர்ட் வேன் நகரத்துக்கு அனுப்பினார். அணி ஜெயித்தது. அந்தப் பம்ப் கடை அலமாரியிலேயே ஆறு இருந்ததைத் திங்கட்கிழமை கண்டுபிடித்தார். அடுத்த வெள்ளி, மைத்துனர் லோரன் பியானோவை மாடிக்கு ஏற்றக் கூப்பிட்டார். அதற்கடுத்த வெள்ளி, அதே பியானோவை இறக்கக் கூப்பிட்டார். அடுத்த இரண்டு வெள்ளியும் மறுபடி ஏற்றவும் இறக்கவும் கூப்பிட்டார்; அணி எல்லா வாரமும் ஜெயித்தது.

இப்போது ஹீட்டர்.

ஹீட்டர்காரர் ஆறே காலுக்கே வந்தார். காதில் வானொலியின் ஒயர். பெட்டியைத் திறந்து, உள்ளே பார்த்து, சத்தமில்லாமல் சிரித்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க கோளாறு?"

"சுவிட்ச் அணைஞ்சிருக்கு."

"அதைப் போட வேண்டியதுதானே?"

"அவசரப்படக் கூடாது சார். கடைசி கால் மணி நேரம் முடியட்டும்."

"எதோட கடைசி கால் மணி நேரம்?"

"ஹீட்டரோடதுதான்," என்றார் அவர், மெர்ல் முகத்தைப் பார்க்காமல்.

அன்றும் டன்லெவி ஜெயித்தது. தன் தலையில் யாரோ மிளகாய் அரைக்கிறார்கள் என்பது மெர்லுக்கு உறுதியாகிவிட்டது. முதல் வாரக் காய்ச்சலைக்கூட அவர் இப்போது சந்தேகப்பட்டார். அதற்கு முந்தைய நாள் பாதிரியார் தன் முகத்துக்கு நேரே தும்மியது நினைவுக்கு வந்தது.

எட்டாவது வெள்ளி, வட்டாரக் கோப்பையின் அரையிறுதி. இந்த முறை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று முடிவு செய்தார். வேலை முடிந்ததும் பின்வாசல் வழியாக நழுவிக் காரிடம் போனார். நான்கு டயரிலும் காற்று இல்லை. ஒன்று என்றால் ஆணி; நான்கு என்றால் ஆள்.

நடக்கத் தொடங்கினார். பக்கத்தில் முதலாளி கர்ட்டின் வண்டி வந்து நின்றது.

"ஏறிக்கப்பா. ஜிம்முக்குத்தானே?"

வண்டி ஜிம்முக்கு எதிர்த்திசையில் பதினெட்டு மைல் போனது.

"கர்ட், நாம தப்பான வழியில போறோம்."

"குறுக்கு வழி."

"இது பக்கத்து மாவட்டம்!"

"அட, அந்த மாட்டைப் பாரு மெர்ல். எப்பவாவது இப்படி ஒரு மாட்டைப் பார்த்திருக்கியா?"

பார்த்திருக்கிறார். பிறந்த நாளிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் திரும்பி வந்து சேர்ந்தபோது ஊர் முழுக்கக் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. டன்லெவி இறுதிப் போட்டிக்குப் போய்விட்டது. எதிரணி பக்கத்து ஊர் ராஸ்கோ. கோப்பை டன்லெவிக்கு வந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. அன்று கோப்பை வந்தபோது மெர்ல் ராணுவத்தில், ஜெர்மனியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். இந்த முறையும் கண்ணால் பார்க்காமல் போனால் இந்த ஜென்மத்தில் பார்க்கப் போவதில்லை.

ஆத்திரத்தில் ஊர்ச்சதியைப் பற்றிப் பெயர்களோடு பத்தி எழுதி அனுப்பினார். அந்த வாரம் 'மூன்றாம் வரிசையிலிருந்து' என்ற தலைப்பின் கீழே சிக்கன் நூடுல்ஸ் செய்முறை வந்திருந்தது. "போன வாரத்தை விட நல்லா எழுதியிருக்கீங்க," என்று இரண்டு பேர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் டோரீனைப் பின்தொடர்ந்தார். அவள் ரூபியின் உணவகத்துக்குள் போய், பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மெர்ல் ஐந்து வரை எண்ணிவிட்டுக் கதவைத் தள்ளினார். உள்ளே டோரீன், லோரன், கர்ட், பாதிரியார், அணியின் பயிற்சியாளர். மேசைமேல் கட்டம் கட்டமாக ஒரு பெரிய தாள். லோரன் சட்டென்று பன்றி இறைச்சி சாண்ட்விச் தட்டை அதன்மேல் வைத்தார்.

"என்ன நடக்குது இங்க?"

"ஜெபக் கூட்டம்," என்றார் பாதிரியார்.

"சாண்ட்விச்சை வச்சுக்கிட்டா?"

"நன்றி சொல்றதுக்கு ஏதாவது முன்னாடி இருக்கணும்ல? நல்ல நேரத்துல வந்தே. கண்ணை மூடு. நீயே ஆரம்பி."

மெர்ல் ஜெபத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று. பாதியில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். தாளைக் காணோம், ஆனால் அதில் இருந்த கட்டங்கள் ஜிம் நாற்காலிகள் என்று அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. இருபத்தேழு வருட நாற்காலிக்கு உலை வைக்கிறார்கள். லோரனுக்கு அந்த இடத்தின்மேல் ரொம்ப நாளாக ஒரு கண்.

அன்று மாலை டோரீன் குளிக்கப் போனபோது அவளுடைய கைப்பையைத் திறந்தார். முப்பத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் செய்யாத காரியம். உள்ளே ஒரு டிக்கெட். ஒன்றே ஒன்று. இறுதிப் போட்டி, ஆறாவது வரிசை. ஆனால் டன்லெவி பக்கம் இல்லை, ராஸ்கோ பக்கம்.

மெர்ல் குளியல் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டபடி நின்றார். ராஸ்கோவில் டோரீனுக்கு யாரைத் தெரியும்? வால்டர் க்ளைனைத் தெரியும். ஆணி, சுத்தியல் கடை வைத்திருக்கிற வால்டர். பள்ளி நாட்களில் டோரீனை நடனத்துக்குக் கூட்டிப்போன வால்டர். முழுசாகத் தலைமுடி இருக்கிற வால்டர்! எட்டு வெள்ளிக்கிழமையும் தன்னை ஏன் அப்புறப்படுத்தினார்கள் என்பது இப்போது விளங்கியது. கர்ட், லோரன், ஏன், பாதிரியார்கூட உடந்தை. நாற்காலி போனால் போகட்டும் என்று இருந்தது அவருக்கு. அவளை அவருக்கு அவ்வளவு பிடிக்கும்.

டிக்கெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"டோரீன், சனிக்கிழமை நான் ஓஹையோவுல அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

இறுதிப் போட்டி நாளில் மெர்ல் ஊரை விட்டுப் போவதாவது! எந்த மனைவியும் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாள். டோரீன் தலை துவட்டுவதை நிறுத்தவில்லை.

"போய்ட்டு வா. குளிரும், தொப்பி போட்டுக்க."

"டிவிலகூடப் பார்க்க முடியாதே?"

"பரவால்ல, நான் வந்து சொல்றேன்."

மெர்லின் திட்டம் தயார். அந்த டிக்கெட்டில் தானே போய் உட்கார வேண்டியது, பக்கத்து இருக்கைக்கு வால்டர் வரும்போது கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியது. ராஸ்கோவின் நிறம் ஆரஞ்சு. மான் வேட்டைக்குப் போடுகிற ஆரஞ்சுத் தொப்பி, நல்ல வேளையாக, துவைத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை அவர் வண்டியை நிறுத்த இடம் தேடி டன்லெவி ஜிம்முக்குள் போனபோது முதல் கால் பகுதி முடிந்திருந்தது. ராஸ்கோ பதினோரு புள்ளி முன்னிலை. தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஆறாவது வரிசையில் போய் உட்கார்ந்தார். இடப்பக்கம் கையில் மாட்டுமணியோடு ஒரு பருத்த அம்மாள். வலப்பக்கம் ஒரு கிழவர். வால்டர் இரண்டு வரிசைக்குக் கீழே, புது மனைவியோடு கை கோத்து உட்கார்ந்திருந்தான். தலைமுடிகூட முன்புபோல் இல்லை.

எதிர்ப்பக்கம் டோரீன். அவருடைய நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில். மெர்லின் நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் அவருடைய பழைய மெத்தைத் திண்டு. லோரன் இரண்டு இடம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். அவளைச் சந்தேகப்பட்டதற்கு மெர்லுக்கு வெட்கமாகப் போயிற்று.

"ஏன்யா, கை தட்ட மாட்டியா? நீ எந்த ஊரு?" என்று மணிக்கார அம்மாள் முழங்கையால் இடித்தாள்.

"ராஸ்கோ! ராஸ்கோ!" என்று மெர்ல் பதறிப்போய்க் கை தட்டினார்.

அந்த நிமிஷம் ராஸ்கோவின் நட்சத்திரப் பையன், டிசம்பரிலிருந்து ஃப்ரீ த்ரோ தவறவிடாதவன், இரண்டையும் தவறவிட்டான். மெர்ல் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று இன்னும் பலமாகத் தட்டினார். அடுத்து ஒருத்தன் தன் கால் தடுக்கித் தானே விழுந்தான். அவர் எழுந்து நின்று "விடாதீங்கடா!" என்று கத்தினார். அவர்களுடைய உயரமான பையன் பந்தைத் தன் ஆளிடம் கொடுப்பதாக நினைத்து நடுவரிடம் கொடுத்தான். பதினோரு புள்ளி ஏழாகி, நான்காகி, கடைசி நிமிஷத்தில் ஒன்றாயிற்று. மணி அடிக்க இரண்டு வினாடி இருக்கும்போது டன்லெவியின் குட்டைப் பையன் ஒருத்தன் எறிந்த பந்து வளையத்தில் மூன்று தரம் குதித்து உள்ளே விழுந்தது.

மெர்ல் வேஷத்தை மறந்தார். தொப்பியைக் கூரைக்கு எறிந்து, "டன்லெவி!" என்று அலறி, வால்டர் தலையைத் தாண்டிக் குதித்துக் களத்துக்குள் ஓடினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. முப்பத்தொரு வருடம்! கண்ணால் பார்த்துவிட்டார்!

டோரீன் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவரைப் பார்த்து அவள் திடுக்கிடவே இல்லை. பயிற்சியாளர், தன் அணிப் பையன்களை விட்டுவிட்டு, முதலில் மெர்ல் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாதிரியார் தோளில் தட்டினார். கர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மெர்லுக்கு மறுபடி மூக்கு வேர்த்தது. "எல்லாரும் எனக்கு எதுக்குக் கை குடுக்கறாங்க?"

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நாற்பது வருடமாகப் பள்ளி வாசலில் டிக்கெட் கிழிக்கும் ஓப்பல் அம்மாள் ஓர் உறையோடு வந்து சேர்ந்தாள்.

"நீ உக்கார்ற பக்கம் விளங்காதுன்னு ஊருக்கே தெரியும் கண்ணு, அதான் அடுத்த சனிக்கிழமை மாநிலப் போட்டிக்கும் எதிர்ப்பக்கமே சீட்டு வாங்கியாச்சு, இந்தத் தடவையும் டோரீன் கைப்பையில ஒளிச்சு வைக்கணுமா, இல்ல நேரா உன் கையிலயே குடுத்துடட்டுமா?"