நூறாவது பிறந்தநாளுக்கு ஒரு நிமிட மௌனம்

பிரபலங்களின் நூற்றாண்டு விழாவுக்கு எல்லோரும் வருவார்கள், அந்தப் பிரபலம் மட்டும் வரமாட்டார். உள்ளூர் கேபிள் சேனலில் ‘இன்று என்ன நாள்’ நிகழ்ச்சியைத் தொகுத்தபோது நான் கண்டுபிடித்த உண்மை இது. இன்று பிறந்த நடிகை, இன்று மறைந்த தலைவர், இன்று மூழ்கிய கப்பல் என்று தினமும் காலையில் சொல்லிவிட்டு, கடைசியில் மார்த்தாண்டம் வட்டாரத்துக்காரர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல வேண்டும். வயது அறுபது வரைக்கும் சிரிப்பேன். நூறு என்று எழுதியிருந்தால் முகம் தானாகச் சோகமாகிவிடும். (தொழில் பழக்கம், என்ன செய்ய!)

அப்போது எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடுதல். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அம்மா முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கிறவர். இருவருமே பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து மட்டும் பார்த்தவர்கள். அந்த வீட்டிலிருந்து ஒருத்தி எம்.ஏ. முடித்து, டி.வி.யிலும் வந்தால் தரையில் கால் பாவுமா? யாராவது பேய் என்று வாயெடுத்தால் போதும், “படிச்சவங்க இதெல்லாம் நம்பப்பிடாது” என்று ஒரு பிரசங்கமே வைத்துவிடுவேன்.

ஆவணியில் ஒருநாள் அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் மீசை முறுக்கிய ஓர் இளைஞர்.

“எங்க மாமனாருக்கு நூறு. வீட்டுலதான் விழா. நீதான் வந்து நடத்தணும் மோளே.”

“நானா?”

“அவருக்குத்தான் ஒன்னையே கூப்பிடணும்னு ஒரே நிர்ப்பந்தம்.”

நான் டி.வி.க்கு வந்தே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. படத்தின் மங்கலைப் பார்த்தால் ஆள் போய்ச் சேர்ந்து அரை நூற்றாண்டாவது இருக்கும். அவர் என்னை எங்கே பார்த்தார்? சரி, கனவில் வந்து சொல்லியிருப்பார், பாவம், இவர்களும் நம்பியிருப்பார்கள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். (“உங்க மாமனார் இருக்காரா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எம்.ஏ. படித்தவள் கேட்பாளா?)

சேனல் முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “நேரலை. ஒழுங்கா செஞ்சா ஓணத்திலேருந்து சாயங்காலச் செய்தி ஒனக்கு. சொதப்பினா காலையிலயும் வரண்டாம்.” செய்தி வாசிப்பது என் சின்ன வயது ஆசை. விழா நாளில் அப்பா வேலைக்குப் போகவில்லை. அக்கம்பக்கத்தையெல்லாம் அழைத்து எங்கள் டி.வி. முன் உட்காரவைத்துவிட்டார்.

அந்த வீடு ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. வெளியே நல்ல வெயில், உள்ளே அந்தி. ரப்பர்க் காய் வெடிக்கிற பருவம். ஆளில்லாத தோப்புக்குள் ‘டப்’பென்று சத்தம் கேட்கும், திரும்பிப் பார்த்தால் ஒரு சருகுகூட அசையாது. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்தான். அன்று ஏனோ யாரோ பின்தொடர்வது போலிருந்தது.

கூடத்தில் அதே படம், பெரிய மாலையோடு. முன்னால் குத்துவிளக்கும் தட்டு நிறைய உதிரிப்பூவும். சந்தேகத்துக்கு இடமே இல்லை. பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்காரப் போனேன்.

“அதுல இரிக்காத மக்களே, அப்பாவுக்க நாற்காலியாக்கும்” என்றார் மகன். அவருக்கே எழுபது இருக்கும்.

பாதி உட்கார்ந்தவள் கையை ஊன்றி எழுந்தேன். இருக்கை சூடாக இருந்தது.

ஸ்டூலில் பாதி குடித்த கட்டன் சாயா, பால் விடாத டீ. அதிலிருந்து இன்னும் ஆவி பறந்தது.

“இது...?”

“அப்பாவுக்கு. பாதிதான் குடிப்பாரு.”

“தினமும் வைப்பீங்களா?”

“வைக்காட்டி நம்மள வீட்டுல இருக்க விடுவாரா?”

“அண்ணா, இந்த வீட்டுல என்னமோ இருக்கு” என்று கேமராமேன் செல்வின் அண்ணனின் காதில் கிசுகிசுத்தேன். “கரண்ட் இருக்கான்னு மொதல்ல பாரு” என்றார் அவர்.

நேரலை தொடங்கியது. நடுங்கும் குரல் அஞ்சலிக்குப் பொருத்தமாகவே இருந்தது. “அவர் நம்மை விட்டு எங்கும் போய்விடவில்லை!” என்றேன். பலத்த கைதட்டல். “இந்த நிமிடமும் இதே வீட்டில் நின்று நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்!”

“ஆமா, கேக்காரு” என்றார் மகன், மழை பெய்கிறது என்று சொல்வதைப் போல.

மீதிப் பேச்சை அப்படியே விட்டேன். “எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் காப்போம்” என்று சொல்லிவிட்டு, இரு கையாலும் பூவை அள்ளித் தூவினேன். சனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டி.வி.க்காரர்களின் வழக்கம் போலிருக்கிறது என்று எண்ணி எழுந்து நின்றார்கள். மேசைமேல் இருந்த மின்விசிறி பாதிப் பூவை உள்ளறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது.

அந்த மௌனத்தில், திரைக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல்.

யாரும் அசையவில்லை. யாருக்குமே கேட்கவில்லையா? எனக்கு மட்டும்தானா? இன்னொரு தும்மல். திரை மெதுவாக விலகியது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலை. படத்தில் இருந்த அதே மீசை, நரைத்துப்போய். அந்த உருவம் நேராக என்னிடம் வந்து நின்று கேட்டது:

“ஆரு மோளே செத்தது?”

அடுத்து எனக்கு நினைவிருப்பது ரப்பர் மரங்கள் இருபுறமும் பின்னால் ஓடியதுதான். சட்டையில் குத்தியிருந்த மைக் என்னோடு ஓடியது. மதம் பாராமல் எல்லாச் சாமிகளையும் நான் அழைத்ததை மூன்று தாலுகாவும் கேட்டது.

அந்த அக்காதான் துரத்திப் பிடித்தார். “மாமனாருக்குப் பூ வாசம் ஒத்துக்காது, தும்மிட்டே கெடப்பாரு. அதான் மாலையப் படத்துக்குப் போட்டோம். நீ மேடைக்குக் கூப்பிடுவியேன்னு உள்ள நிறுத்தியிருந்தோம், நீ என்னடான்னா...” அதற்குள் என் ஃபோன் அலறியது. அப்பா. “அது ஒன்னத் தொட்டுதா ஏட்டி?” என்று அழுதுகொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது பெரியவர் தன் நாற்காலியில் இருந்தார். கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த அழைப்பு முதலாளியுடையது. “நாளைக்கு வரண்டாம்” என்று அவர் ஆரம்பித்ததும் பெரியவர் ஃபோனை வாங்கிக்கொண்டார்.

“இந்தப் பிள்ளைய மாத்திராதே. நான் போனா எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கும் இவதான் பேசணும்.”

ஓணத்தன்று செய்தி வாசித்தேன். இன்றும் நான்தான் வாசிக்கிறேன். மரணச் செய்தி வாசித்த நாளில் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்பார், “நல்லா விசாரிச்சியா?” வீட்டில் யார் தும்மினாலும் அம்மா எழுந்து நின்று மௌனம் காப்பார்.

பெரியவர் இப்போதும் இருக்கிறார். என் பிறந்தநாளை எங்கிருந்து பிடித்தாரோ, வருஷம் தவறாமல் விடியற்காலையில் அழைப்பார். வாழ்த்தெல்லாம் கிடையாது.

“உயிரோடதானே இருக்கே, மோளே?”

“இருக்கேன் தாத்தா.”



“எதுக்கும் வீட்டுல உள்ளவங்ககிட்ட ஒருக்கக் கேட்டுக்கோ.”