சோத்தாங்கைக்கு லீவு

எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பெற்றது நான்கு, என் தங்கை விட்டுவிட்டுப் போனது இரண்டு, ஆக ஆறையும் வளர்த்து ஆளாக்கிக் கட்டிக்கொடுத்தவள் நான். கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டு படிக்கத் தெரியும். மீதியை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து எத்தனையோ பேரைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறேன். தொட்டிலில் கிடந்தாலும் ஸ்ட்ரெச்சரில் கிடந்தாலும் மனிதர்கள் அடம்பிடிப்பது ஒரே மாதிரிதான். ஆனால் போத்தனூர் நியாயம் மாஸ்டரைப் போல ஒரு வம்புக்காரரை இந்த உலகம் பார்த்ததில்லை. இன்னொருவர் வந்தால் தாங்கவும் தாங்காது.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியதோடு சரி, வேறு எங்கும் அது செலவானதில்லை. எங்கள் வீதி முனையில் பரோட்டாக் கடை வைத்திருந்தார். எதற்கெடுத்தாலும் “இது நியாயமாங்க?” என்று கேட்பார். அதனால் நியாயம் மாஸ்டர்.

கடையில் ஒருவர் “கொஞ்சம் சால்னா போடுங்க மாஸ்டர்” என்று கேட்டால் போதும். உட்கார்ந்திருக்கிற அத்தனை பேர் இலையிலும் ஒரு கரண்டி ஊற்றுவார். கை கழுவப் போனவரையும் விடமாட்டார்.

“எனக்குப் போதுங்க மாஸ்டர்.”

“உங்களுக்குப் போதும், எனக்குப் போதாதுங்க. வந்து உக்காருங்க.”

கூட்ஸ் வண்டிக்காகப் பாசஞ்சர் வண்டியை நிறுத்தி வைத்ததற்கு ஒருமுறை ஸ்டேஷன் மாஸ்டரிடமே போய் நியாயம் கேட்டார். அந்த வண்டியில் அவர் ஏறப்போவதுகூட இல்லை. ஸ்டேஷன் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தபடி பீடி குடித்துக்கொண்டிருந்தவர். ஒரு கல்யாணப் பந்தியில் இவர் இலைக்கு மட்டும் வடை வராமல் போய்விட்டது. பிறகு கொண்டுவந்து வைத்ததைத் தொடவில்லை. “வரிசையில வரோணும். மொத எலையில இருந்து மறுபடி வைங்க” என்று உட்கார்ந்துவிட்டார். வரிசை முழுக்க இரண்டாவது வடை தின்று முடிக்கும்வரை அடுத்த பந்தி வாசலில் நின்றது. மாப்பிள்ளைக்கு அதற்குள் பசி மயக்கம்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு நாள் சாயங்காலம், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்காகக் கடையில் பார்சலுக்கு நின்றுகொண்டிருந்தேன். மாஸ்டர் இரண்டு கையிலும் தகடு பிடித்துக் கொத்துப் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார். மழை பிடித்தமாதிரி சத்தம். சட்டென்று பாதி மழை நின்றுபோனது. இடது கைத் தகடு கல்லில் விழுந்து கிடந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

“மாஸ்டரு இன்னைக்கு நேரத்துலயே ஊத்திட்டாரு போல” என்று ஒருவன் சிரித்தான்.

இந்தக் கோணல் வாயைத் தினமும் வார்டில் பார்க்கிறவள் நான். “ஊத்தலைடா, வாதம் அடிச்சிருக்குது. ஓடிப் போய் ஆட்டோவைக் கூட்டிட்டு வா” என்று போட்டேன் ஒரு சத்தம்.

ஆட்டோவில் என் மடியில் சாய்ந்துகொண்டு, குழறிய நாக்கோடு அவர் கேட்டார்: “அக்கா, வந்தா ரெண்டு பக்கமும் வரோணும். ஒரு பக்கத்துக்கு மட்டும்னா, இது நியாயமா?”

உயிர் தப்பியது. ரத்தக்கொதிப்பு ஏறியிருந்தது, தலைக்குள் ஒரு குழாய் அடைத்துக்கொண்டது, பீடியை விடுங்கள், உப்பைக் குறையுங்கள் என்றார்கள். பில் வந்தபோது, “பாதி உடம்புதானுங்க படுத்திருக்குது, வாடகை மட்டும் முழுக் கட்டிலுக்குங்களா?” என்று கேட்டு நர்சம்மாவை ஓட விட்டார்.

கருமத்தம்பட்டியிலிருந்து அவருடைய மச்சினன் கூடையில் ஒரு புறாவோடு வந்தான். அறுத்த சூட்டோடு ரத்தத்தைத் தேய்த்தால் கை தானாக எழுந்துவிடும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். மாஸ்டர் புறாவைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார்.

“பீடி குடிச்சது நானு. உப்பு தின்னது நானு. சாகறது அதா? ஊட்டுக்குக் கொண்டு போடா.”

கொண்டுபோனான். அங்கே அது குழம்பாகிவிட்டது, அது வேறு கதை.

வீட்டுக்குப் போனதும் உப்பைக் குறைத்தார். தனக்கு மட்டும் குறைத்தால் நியாயமில்லை என்று கடைச் சால்னாவிலும் குறைத்தார். வந்துகொண்டிருந்த நாலு பேரும் வராமல் போனார்கள். கால் ஓரளவு வந்துவிட்டது. கைதான் வரவில்லை. விரல்கள் மட்டும் லேசாக அசைந்தன. ஒற்றைக் கையால் தகடு பிடித்து ஒரு நாள் கொத்திப் பார்த்தார். சத்தம் சகிக்காமல் அவரே அடுப்பை அணைத்தார்.

“கை வராட்டி நான் மாஸ்டரு இல்லீங்க அக்கா. வெறும் நியாயம் மட்டும்தான் மிஞ்சும். அதை எவன் திம்பான்?” என்றார். முதல்முறையாக அவர் குரல் இறங்கிக் கேட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர் ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்தார். மேல்படிப்புப் படிக்கிற பிள்ளை, மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. வாதம் வந்தவர்கள் நல்ல கையிலேயே எல்லா வேலையும் செய்துகொள்வதால் வராத கை சோம்பேறியாகிவிடுகிறது. நல்ல கையைப் பையில் போட்டுக் கட்டிவிட்டு, வராத கையிலேயே எல்லாவற்றையும் செய்யவைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கவேண்டும். பாதிப் பேருக்குக் கட்டுவார்கள். மீதிப் பேருக்கு எப்போதும் போலப் பயிற்சி மட்டும். யாருக்கு எது என்று குலுக்கல் போட்டு முடிவு செய்வார்கள். பைகளைப் பழைய வார்டு போர்வையில் தைத்தவள் நான்தான்.

“குலுக்கல்தானுங்க நியாயம். உழுந்தது உழுந்ததுதான்” என்று மாஸ்டர் எல்லாருக்கும் முன்னால் கைதட்டாத குறையாகச் சொன்னார். தட்டத்தான் கை இல்லை.

குலுக்கலில் அவருக்கு விழுந்தது வெறும் பயிற்சி.

“அப்ப எனக்குச் சாதா, அவங்களுக்கெல்லாம் ஸ்பெஷலுங்களா?”

“சாதா, ஸ்பெஷல்னு எதுவும் இல்லைங்க. எது நல்லதுன்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் இதைச் செய்யறோம்” என்றார் டாக்டர்.

“கல்லுல வேகறது எதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பை விழுந்தவர்களில் தாராபுரத்து அம்மா ஒருவர். காடு தோட்டம் உள்ள குடும்பம், காது நிறையத் தோடு. அவருக்கும் இடது கைதான் வரவில்லை. சிகிச்சைக்காகக் கோயமுத்தூரில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் வந்து தங்கியிருந்தார். பயிற்சி அறைக்கு வெளியே பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்பது பிற்பாடுதான் வெளியே வந்தது.

“இந்தக் கருமத்தை நீங்களே எடுத்துக்குங்க தம்பி. சம்பந்தியம்மா எதுத்தாப்பல உக்காந்து நான் பீச்சாங்கையில சோறு திங்கறதா? அதுக்குக் கை வராமயே இருந்துட்டுப் போறேன்.”

“நெசமாத்தான் வேண்டாங்களா?”

“வேண்டாம்னா வேண்டாம். வீணாப் போறதுக்கு நீங்களாச்சும் கட்டிக்குங்க.”

பந்தியில் தனக்கு ஆகாத லட்டைப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுவது நம் பக்கத்தில் எல்லாரும் செய்கிறதுதான். அப்படித்தான் இந்தம்மா ஆராய்ச்சியை அவர் இலைக்குத் தள்ளிவிட்டார். அவரும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

அளவெடுக்கிற நாள் வந்தது. காசு பொறுக்குவது, டம்ளர் தூக்குவது, பட்டன் போடுவது. கை கட்டியதாகச் சொன்ன தாராபுரத்து அம்மா ஒரு காசைக்கூட எடுக்கவில்லை. சாதாவில் விழுந்த மாஸ்டர் டம்ளரைத் தூக்கிக் காட்டி, ஆத்தியும் காட்டினார். சின்ன டாக்டருக்கு முகம் தொங்கிப்போனது.

“ஆயாம்மா, மாஸ்டர் உங்க வீதிதானே? அவர் வீட்டுல என்ன செய்யறார்னு பார்க்கணும். கூட்டிட்டுப் போங்க” என்றார்.

அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனேன். கடை திறந்திருந்தது. மாஸ்டரின் வலது கை முழங்கைவரை பைக்குள் இருந்தது, பை இடுப்போடு கட்டியிருந்தது. இடது கை மாவை எடுத்துக் கல்லில் அடித்தது. ஒன்று கல்லில் விழுந்தால் அடுத்தது காலண்டரில் விழுந்தது. பொண்ணு பார்க்கப் போகிற அவசரத்தில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் பொட்டலத்துக்கு நின்றிருந்தார்.

“ஏனுங்க, நல்ல காரியத்துக்குக் கெளம்பியிருக்கறன், பீச்சாங்கையில குடுக்கறீங்களே?”

“சோத்தாங்கை லீவுல இருக்குதுங்க. வேணும்னா அதுகிட்ட மனு குடுங்க.”

டாக்டர் பையையே பார்த்தார். நானும் பார்த்தேன். என் தையல் எனக்குத் தெரியாதா?

“மாஸ்டர்! உங்களை யாருங்க கட்டச் சொன்னது?”

“வாங்க டாக்டர், உக்காருங்க. தாராபுரத்தம்மா வேண்டாம்னாங்க, வாங்கிட்டேன். பாருங்க, கை எப்படி வருதுன்னு!”

டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து தலையில் கை வைத்தார். மாஸ்டர் ஒரு பரோட்டாவை அவர் முன்னால் வைத்தார். இடது கையால்தான்.

“உங்க கை வந்தது சந்தோஷம்தாங்க. ஆனா கணக்குல உங்களைக் கட்டாதவர்னுதான் வைக்கணும். குலுக்கல்ல விழுந்தது விழுந்ததுதான்னு நீங்களே சொன்னீங்க.”

“சரி. அந்தம்மா?”

“அவங்க கட்டினவங்க. கட்டியும் கை வரலை.”

“அப்ப நாளைக்கு வாதம் வந்து விழறவனுக்கு…”

“கட்டறதால பெருசா எதுவும் இல்லைன்னு யாராவது சொல்லலாம்.”

மாஸ்டர் அடுப்பைக் குறைத்தார். “இன்னொருக்கா அளவெடுங்க டாக்டர். காசையெல்லாம் கீழ போட்டர்றேன்.”

“ஐயோ, அது இன்னும் மோசங்க! நடந்ததை நடந்தபடி எழுதிக்கறேன், விடுங்க.”

வெள்ளை வேட்டிக்காரர் போய்விட்டார். கல்லில் கிடந்த பரோட்டா கருகிக்கொண்டிருந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் மாஸ்டர் என்னிடம் சொன்னார்: “பையைத்தான் வாங்கினேன்னு நெனச்சேனுங்க அக்கா. அந்தம்மா கையையும் சேத்து வாங்கிப்போட்டேன்.”

அளவெடுத்து முடிந்துவிட்டது, இனி யார் கட்டினாலும் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, நான் புதிதாகத் தைத்த பையோடு என்னையும் இழுத்துக்கொண்டு தாராபுரத்து அம்மா தங்கியிருந்த வீட்டுக்குப் போனார். சரியாகச் சாப்பாட்டு நேரம். சம்பந்தியம்மா நெட்டையான மனுஷி, கரண்டியோடு நின்றால் போலீஸ் நிற்பது போல இருக்கும். வந்தவர்களுக்கு இலை போட்டார்.

மாஸ்டர் தாராபுரத்து அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தன் வலது கையைப் பையில் விட்டார். என்னைப் பார்த்தார். நான் அந்தம்மாவின் வலது கையைப் பிடித்துப் புதுப் பையில் விட்டுக் கட்டினேன்.

“வேண்டாந்தம்பி, மானம் போகுது” என்று அந்தம்மா கிசுகிசுத்தார். கண்ணில் தண்ணீர்.

“நானும் பீச்சாங்கையிலதானுங்க திங்கறேன். உங்க வெக்கத்துல பாதியை இங்க தள்ளுங்கம்மா.”

சம்பந்தியம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. “என்னங்க இது கூத்து?”

மாஸ்டர் சொன்னார், எல்லாவற்றையும் சொன்னார். வாதம், குலுக்கல், பை, தான் வாங்கியது, அந்தம்மாவுக்கு வராமல் போனது. நடுவில் ஒரு இடத்தில்கூட நியாயம் கேட்கவில்லை.

சம்பந்தியம்மா கரண்டியைக் கீழே வைத்தார். எதிரே ஓர் இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வலது கையை முந்தானைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டு, இடது கையால் சோற்றைத் தொட்டார்.

“இதை முன்னாலயே சொல்லியிருக்கக்கூடாதுங்களா சம்பந்தி? நான் என்ன புலியா? தின்னுங்க. சிந்துனா நானே தொடைச்சுக்கறேன்.”

அன்றைக்கு அந்த வீட்டில் இலைக்கு உள்ளே விழுந்ததைவிட வெளியே விழுந்த சோறுதான் அதிகம். நான் வலது கையாலேயே சாப்பிட்டேன். யாராவது ஒருவர் பரிமாற வேண்டாமா?

மாதக்கணக்கில் மாஸ்டர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனார். தாராபுரத்து அம்மாவின் கை முழுசாக வரவில்லை. டம்ளர் பிடிக்கிற அளவு வந்தது, பேரனைத் தூக்குகிற அளவு வரவில்லை, மடியில் உட்காரவைத்துப் பிடித்துக்கொள்ள வந்தது. அதுவே போதும் என்று அந்தம்மா ஊருக்குப் போனார். மாஸ்டரின் இடது கை கொத்தும்போது எப்போதும் ஒரு அடி பின்தங்கியே விழுந்தது. சின்ன டாக்டர் எழுதியது இங்கிலீஷில் இருந்ததால் நான் படிக்கவில்லை. இரண்டு பேர் பையை மாற்றிக்கொண்டதையும் எழுதியிருப்பதாகச் சொன்னார்.

மாஸ்டர் கண் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது வேறு என்னவோ கடை. அந்த வழியாக பஸ்ஸில் போனால் நான் அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்காருவதில்லை.

போதும் கண்ணு, எழுதினவரைக்கும் ஒருக்காப் படிச்சுக் காட்டு. அவரு பேசற எடத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாப் படி.