ஹார்பர் என்றால் துறைமுகம் மட்டுமல்ல

'புரொடெக்ட்' என்ற சொல்லுக்கு அதே பொருளில் மூன்று இங்கிலீஷ் சொற்கள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் குடும்பத்தாரை வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும் என்று மகள் மாஹிரா வந்து நின்றபோது, ஷாகுல் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

மேற்குத் தாம்பரத்தில் ஏசி மெக்கானிக் அவர். ஏசியோடு வரும் கையேடுகளைப் படித்தே இங்கிலீஷ் பிடிபட்டுவிட்டதாக ஒரு நம்பிக்கை.

செல்போனில் தேடியதும் 'ஹார்பர்' வந்தது. அது துறைமுகம் இல்லையா என்று ஏழாம் வகுப்பு மாஹிரா சந்தேகப்பட்டாள். அடைக்கலம் கொடுப்பதும் அதுதான் என்று விளக்கி, மைத்துனன் யாசீனை உதாரணத்துக்கு இழுத்தார். ஆம்பூரிலிருந்து வந்து ஒரு வாரமாக அவர்கள் வீட்டில் தங்கியிருந்தான் யாசீன். திங்கட்கிழமை சிறுசேரியில் வேலைக்குச் சேரவேண்டும். 'அத்தா மாமாவை ஹார்பர் செய்கிறார்' என்று எழுதியாயிற்று.

அடுத்தது 'ஷீல்ட்'. யாரிடமிருந்து காப்பது என்றும் சொல்லவேண்டுமாம். அன்றுதான் ஹெல்மெட் இல்லாமல் மாட்டியிருந்த ஷாகுலுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. 'அம்மா மாமாவைப் போலீசிடமிருந்து ஷீல்ட் செய்கிறாள்' என்றார். மூன்றாவது 'ப்ரிஸர்வ்'. மனைவிக்கும் ஒரு பெருமை இருக்கட்டும் என்று, 'அம்மா அத்தாவை ப்ரிஸர்வ் செய்கிறாள்' என்று முடித்தார்.

மறுநாள் காலை பள்ளியிலிருந்து போன். மாஹிராவின் அத்தா உடனே வரவேண்டும் என்பது வரைதான் கேட்டது. லைன் அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் பிஸி.

மனைவி ஜஹீரா, நேற்று என்னதான் எழுதிக் கொடுத்தீர்கள் என்று விசாரித்து, செல்போன் அகராதியில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே சோபாவில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, ஹார்பர்னா போலீஸ் தேடுற ஆளை ஒளிச்சு வைக்கறதுன்னும் அர்த்தமாம்."

"ப்ரிஸர்வ்?"

"ஊறுகாய் போடறதாம்."

போலீஸ் வந்துவிட்டால் யாசீனின் வேலை என்னாவது? முதல் காரியமாக அவனைப் பெட்டியோடு பொழிச்சலூரில் இருக்கும் ஒரு நண்பன் வீட்டுக்கு ஆட்டோவில் அனுப்பினார்கள். ஆட்டோ தெருமுனை திரும்பிய பிறகுதான் ஷாகுலுக்கு உறைத்தது, இப்போது அவன் தலைமறைவாகிவிட்டான் என்று. போன் போட்டு, நேராகப் பள்ளிக்கு வரச் சொன்னார்.

பள்ளி வாசலில் யாசீன் இறங்கினான். தூசிக்குப் பயந்து முகத்தில் கர்ச்சீப் கட்டியிருந்தான். கையில் பெரிய பெட்டி. வழியில் போன பிள்ளைகள் ஒதுங்கி நின்றார்கள்.

வகுப்பு ஆசிரியை தபீதாள் வராந்தாவுக்கு வந்ததும் ஷாகுல் கைகூப்பினார்.

"டீச்சர், இவர்தான் அவர். நாங்க யாரையும் ஒளிச்சு வைக்கல."

தபீதாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை போலிருக்கிறது என்று ஷாகுல் நினைத்தார். கண்ணைக் காட்டியதும் யாசீன் தரையில் பெட்டியைத் திறந்து, ஆதார் கார்டையும் வேலை உத்தரவையும் தேடத் தொடங்கினான். இரண்டு லுங்கிகளும் ஒரு ஷேவிங் செட்டும் வெளியே விழுந்தன.

"இவரை போலீஸ் எதுக்குங்க தேடணும்?" என்றார் தபீதாள்.

"அதான் டீச்சர். தேடவே இல்ல. என் வைஃப் இவரைக் காப்பாத்தவும் இல்ல. என்னை ஊறுகாயும் போடல."

தபீதாள் ஓரடி பின்னால் போய், வகுப்புக் கதவைச் சாத்தினார். அவர் கை மெல்ல செல்போனைத் தேடியது. அதைப் பார்த்த ஷாகுல், எல்லாத் தப்பும் தன்னுடையது, மாஹிரா ஒரு பாவமும் அறியாதவள், வேண்டுமானால் எழுதியே தருகிறேன் என்று மன்றாட ஆரம்பித்தார். யாசீன் லுங்கிகளுக்கு நடுவே மண்டியிட்டபடி தலையாட்டினான்.

அப்போது ஆபீஸ் அறையிலிருந்து பியூன் லாசரஸ் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார், லைன் கட்டாயிடுச்சு. பாப்பா இங்கிலீஷ் ஹோம்வொர்க் நோட்டை வூட்லயே வுட்டுட்டு வந்துருச்சு. அந்த நோட்டை எடுத்துகினு வரச் சொல்லத்தான் போன் பண்ணேன்."