சொப்பனம் கண்டுபிடித்த ஆயில் திருட்டு

சென்னைக்கு மேற்கே மோட்டார் சைக்கிளின் மனசு தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் பாதி நேரம் இந்த உலகத்தில் இருக்கமாட்டார். பாடியில் லாரிகள் திரும்பும் முனையில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடிதான் அவருடைய பட்டறை. பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அவர் ‘சொப்பனம்’.

ஒருமுறை யாருடைய கார்புரேட்டரையோ கழற்றிக் கையில் வைத்தபடி மேகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். வண்டிக்காரர் வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். சொப்பனம் அப்படியே இருந்தார்.

“இன்னா அண்ணாத்தே, முடிஞ்சுதா?”

“அந்த மேகம் ஆவடி தாண்டட்டும், சொல்றேன்.”

ஆனால் அவர் கைபட்ட வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்ததே இல்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து, முள் முள்ளான டயர் மாட்டி, கோடையில் வற்றிக்கிடக்கும் வெள்ளானூர் ஏரியில் ஞாயிறுதோறும் புழுதிப் பந்தயம் ஓட்டுவேன். ஒரு பந்தயத்தில் கியர் இறுகிப் பின்சக்கரம் நின்றுவிட்டது. நான் மட்டும் தொடர்ந்து போனேன். காறை எலும்பு முறிந்தது. திறந்து பார்த்தால் கியர் பெட்டியில் பொட்டு ஆயில் இல்லை.

“இன்னொரு தபா வுயுந்தீங்க, நான் வேப்பம்பட்டுல எங்கம்மா ஊட்டுக்குப் பூடுவேன்,” என்றாள் என் மனைவி சரோஜா. சொன்னால் செய்கிறவள்.

எலும்பு கூடியது. கியர்களை மாற்றினேன். ஆயில் மட்டும் நிற்கவில்லை. நாலு சுற்று ஓட்டினால் பாதி காணோம். தரையில் ஒரு சொட்டு கிடையாது. வாஷர் மாற்றினேன், கேஸ்கட் மாற்றினேன், பக்கத்து வீட்டுக்காரரைக்கூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் சொப்பனத்திடம் போனேன்.

அவர் சலவைக்குப் போய் வந்த தன் வேட்டியை வண்டிக்கு அடியில் விரித்தார். காலையிலிருந்து மதியம்வரை குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தார். வேட்டி வெள்ளையாகவே இருந்தது.

“கீய எங்கியும் போவல நைனா. மேல போவுது.”

எனக்குக் கவலை வந்துவிட்டது. வண்டியைப் பற்றியல்ல.

“ஸ்டார்ட் பண்ணு,” என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் கட்டாந்தரையில் மல்லாந்து படுத்தார். நான் உதைத்தேன். வெள்ளைப் புகை திரண்டு எழுந்து, கிளைகளுக்குள் நுழைந்து, மெல்ல அவிழ்ந்து, இலைகளுக்கிடையே விழுந்த வெயிலில் கரைந்தது. பாடியின் லாரிச் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது. நானும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். எவ்வளவு நேரமோ தெரியாது.

“அதோ போவுது பாரு உன் ஆயிலு,” என்றார் தாலாட்டுவதுபோல.

“புரியல அண்ணாத்தே.”

“கிராங்கு பக்கத்துல ஒரு ரப்பர் சீல் கீது. இந்தாண்ட கியரு, அந்தாண்ட இஞ்சினு. சீலு பூட்ச்சி. இஞ்சின் மூச்சு இழுக்கசொல்ல, கியர் ஆயிலையும் சேத்துக் குடிச்சிக்கினு கீது.”

திறந்தார். சீல், காய்ந்த ஆரஞ்சுத் தோலாகச் சுருங்கிக் கிடந்தது. புதியதை ஆயில் தடவி, குழந்தைக்குக் குல்லா மாட்டுவதுபோல் உட்கார வைத்தார்.

அடுத்த ஞாயிறு சரோஜாவும் ஏரிக்கரைக்கு வந்தாள், கையில் துணிப்பையோடு. வேப்பம்பட்டுக்குத் தயார். பக்கத்தில் சொப்பனம். கடைசிச் சுற்றில் நான்தான் முதலில். திடீரென்று சொப்பனம் கரையிலிருந்து இறங்கி, இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு குறுக்கே ஓடிவந்தார். பதறிப்போய் பிரேக்கை மிதித்தேன். நாலு வண்டிகள் என்னைக் கடந்து பறந்தன.

“இன்னா அண்ணாத்தே, இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல நைனா. வெள்ளப் புகையே வரல!”

“அதச் சொல்லவா நிறுத்தினே?”

அவருக்கு மூச்சு வாங்கியது. முதல்முறையாக அந்தக் கண்கள் முழுசாகத் திறந்திருந்தன.

“நீ ஒவ்வொரு தபா வளையசொல்லவும் வுயுந்துருவியோன்னு பாத்துக்கினே கீறேன். சீலு என் கையால போட்டதாச்சே. போதும், எறங்கு.”

இஞ்சினை அணைத்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு கரையேறினேன். அவருடைய கை என் தோளில் இருந்தது. என் சட்டையெல்லாம் கிரீஸ். எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.