கக்கத்துச் சூட்டில் ஓர் ஆராய்ச்சி

சங்கரன்கோவிலில் வெயிலைத் தன் சொந்தப் பகையாளியாக நினைத்து வாழ்ந்த மனிதர் ஒருவர்தான். தறிச் சத்தம் ஓயாத எங்கள் தெருவில், என் பக்கத்து அறையில் குடியிருந்தார். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. எந்நேரமும் ஐஸ் பிளாஸ்கும் கையுமாக ஓடியதால் 'ஐஸ் டாக்டர்' என்றோம். அவர் ஓரிடத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

ஓட்டத்துக்குக் காரணம் இருந்தது. எலும்பை வளர வைக்கும் மருந்தைச் சும்மா ஊசியில் ஏற்றினால் ரத்தம் அடித்துக்கொண்டு போய்விடுமாம். அதனால் அதை ஒரு கூழில் கலப்பார். குளிரில் தண்ணீராக ஓடும் அந்தக் கூழ், உடம்புச் சூடு பட்டதும் எலும்பு முறிந்த இடத்திலேயே உறைந்து, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட வேண்டும். எங்கள் ஊர் வெயிலோ உடம்புச் சூட்டையே மிஞ்சும். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வருவதற்குள் கூழ் ஊசிக்குள்ளேயே கட்டியாகிவிடும். ஒருநாள் ஐஸ் நிரப்பித் தரச் சொல்லி டீக்கடையில் பிளாஸ்கை நீட்டினார். கடைக்காரர் பழக்கதோஷத்தில், உள்ளே இருந்த ஊசிகளைக் கூடப் பார்க்காமல் கொதிக்கக் கொதிக்க டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டார்.

கரண்ட் போனால் இன்னும் கூத்து; கூழை உடம்புச் சூட்டிலேயே வைத்துச் சோதிக்கும் பெட்டி நின்றுவிடும். ஆட்டெலும்புத் துண்டில் கூழை ஏற்றி, கண்ணாடிக் குழாயில் போட்டு, வலது கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்.

"கரண்டு போவும். என் உடம்புச் சூடு எங்கன போவும்?" என்பார்.

அந்தக் கோலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இடது கையால் அட்சதை போட்டார். பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கக்கத்தில் இருப்பது ஆட்டெலும்பு என்று நான் விளக்கப் போய், விஷயம் இன்னும் மோசமானது.

பிறகுதான் சிவகிரி ரோட்டில் பைக்கோடு விழுந்தேன். மாதங்கள் ஓடியும் முழங்காலுக்குக் கீழே எலும்பு சேரவில்லை. மறுபடி திறந்து, இடுப்பெலும்பைச் சுரண்டி வைக்க வேண்டும் என்றார்கள். அதுவும் சரிவராவிட்டால் காலம் முழுக்கக் கம்பு ஊன்ற வேண்டியதுதான். எனக்குக் கத்தி என்றாலே குலை நடுங்கும். நேரே அவரிடம் போய், அந்த ஊசியை எனக்கே போட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினேன். மனிதர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஆட்டெலும்புல நிக்குது, சரி. உசிருள்ள காலுல என்ன செய்யும்னு எனக்குத் தெரியாதுடே. தெரியாதத ஒனக்குப் போட மாட்டேன்."

கோபத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட்டு வந்தேன். ஆனாலும் மறுவாரம் கார் பிடித்து என்னைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். அங்கே அவர் வராந்தாவை அளந்த அளப்பில் நர்ஸுக்கே தலை சுற்றியது. ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது, பயமாக இருக்கிறது என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"ஏலே, அன்னைக்கு நீ போனபொறவு ஊசியில மருந்த ஏத்திட்டேன். ஒன் வாசல் வரைக்கும் வந்தேன். கதவத் தட்டல."

எலும்பு சேர்ந்துவிட்டது. அவர் இப்போது வேறு ஊரில் ஆராய்ச்சியைத் தொடர்கிறார்; கூழ் இன்னும் எலியைத் தாண்டவில்லையாம். எனக்கு ஊசி போட்ட டாக்டர்கள் எத்தனையோ பேர். போடாமல் திரும்பிப் போன அந்த மனுஷர் மேல்தான் எனக்கு உயிர்.