ஜூன் மூன்றாவது வாரம்

ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் தூக்கிப் பார்த்தார் அரை கிராம். காலையில் உள்ளே மறந்து வைத்த அட்டவணையைக் காணோம்.

எடை மெஷின் தயாரிக்கும் கம்பெனியில் தரச் சோதனை அவருடைய வேலை. முள் அரை கிராம் பிசகினாலும் மெஷினைத் திருப்பி அனுப்பிவிடுவார். பெயர் அப்படி ஒட்டியதுதான். அதே கறாரோடு ஆறு மாதமாக ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். உலகப் படத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு குட்டி நாடு, அதில் ஒரு நீல ஏரி, ஏரியில் வெள்ளைப் படகு. கல்யாணமான புதிதில் ஒரு காலண்டரில் அதைப் பார்த்துவிட்டு, "சாகறதுக்குள்ள ஒரு தடவை இந்தப் படகுல ஏறிடணுங்க" என்று மனைவி சொல்லியிருந்தாள். அதற்கு வேளை வர இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது.

பழைய புத்தகக் கடையில் கிடைத்த சுற்றுலாக் கையேடு, கோடையில் போனால் சொர்க்கம், குளிர்காலத்தில் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள் என்றது. எந்தெந்த மாதம் என்று சொல்லவில்லை. அந்தச் சின்ன வேலையை இவரே முடித்துவிட்டார். மழை, வெயில், கூட்டம், படகு என்று தனித்தனியாக மார்க் போட்டதில், ஜூன் மூன்றாவது வாரம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டரை வாங்கியது. டிசம்பர் ஏழு.

மத்தியானத்துக்குள் அந்தக் காகிதத்தின் நகல் பிரிவில் இருந்த பத்துப் பேர் கையிலும் இருந்தது. அரை கிராம் போட்ட கணக்கென்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். பக்கத்து ஊருக்குப் போகவே சோம்பல்படுகிறவர்கள்கூட ஜூன் மூன்றாவது வாரத்துக்கு லீவு எழுதி நீட்டிவிட்டார்கள். ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மேல் லீவு கிடையாது என்பது பிரிவின் சட்டம்.

அரை கிராம் சூப்பர்வைசரின் அறைக்கு ஓடினார்.

"அது என் மச்சினனுக்காகச் சும்மா போட்டது சார். அதை நம்பி யாரும் ஏமாந்துடக் கூடாது."

"போறது மச்சினனா? அப்ப நீங்க போகலை." சூப்பர்வைசர் லீவுப் பட்டியலில் இருந்த இவர் பெயரை அடித்தார். "நல்லதாப் போச்சு. ஒரு ஆள் குறைஞ்சுது."

வீட்டில் மனைவி புது ஓலைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக, முக்காலியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். படகில் ஏறப் பழகுகிறாளாம். லீவு கிடைத்ததா என்று கேட்டதற்கு, கைக்கு எட்டின மாதிரிதான் என்று முணுமுணுத்துவிட்டு அரை கிராம் மேஜையில் உட்கார்ந்தார்.

அட்டவணையைத் தலைகீழாகப் புரட்டினார். ஜூனுக்கு ஏழு, டிசம்பருக்குத் தொண்ணூற்றெட்டரை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தப்பான அளவு ஒன்றை அவர் எழுதியதே இல்லை. தலைப்பில் ‘திருத்தியது’ என்று போட்டு, மறுநாள் காலை ஜெராக்ஸ் மெஷினுக்குள் வேண்டுமென்றே மறந்துவைத்தார்.

பத்து நிமிடத்தில் ஸ்டோர் அக்கா காகிதத்தோடு வந்து நின்றாள். "என்னண்ணே, ஜூன் அவ்வளவு மோசமா?"

"ஏரியே உறைஞ்சு போயிடும்மா," என்று அள்ளிவிட்டார் அரை கிராம். "படகையெல்லாம் கரையில கவுத்து வச்சிருப்பாங்க. டிசம்பர்ல பாரு, தங்கமா இருக்கும்."

சொல்லிவிட்டு, இவ்வளவு கூசாமல் பொய் வருகிறதே என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

பத்துப் பேரும் டிசம்பருக்குத் தாவினார்கள். சூப்பர்வைசரும் தாவினார். எல்லாருமே போவதால், மெஷின்களைப் பழுதுபார்க்க டிசம்பரில் பிரிவையே இரண்டு வாரம் மூடிவிடுவது என்று முடிவானது. அதைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஒரு ஆள் வேண்டும்.

"நான் இருக்கேன் சார். எனக்கு ஜூன் போதும். மச்சினனோட நாங்களும் போறோம்."

"ஏழு மார்க் வாங்கின மாசத்துலயா?"

"என் வீட்டுக்காரிக்குக் குளிர்னா உயிர் சார்."

சூப்பர்வைசர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, டிசம்பரில் லீவு கேட்கமாட்டேன், எக்காரணம் கொண்டும் தேதியை மாற்றமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார். அரை கிராம் எழுத்துக்கு எழுத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குப் போகிற வழியில் தெருவென்றும் பார்க்காமல் சீட்டியடித்தார்.

சனிக்கிழமை இருவரும் டிராவல் ஆபீஸுக்குப் போனார்கள். மனைவி தொப்பியைக் கழற்ற மறுத்துவிட்டாள். படிவத்தில் கம்பெனி பெயரையும் எழுதிக் கொடுத்து, மாற்றவோ ரத்துசெய்யவோ முடியாத ரகத்தில் இரண்டு டிக்கெட். அரை கிராம் தேதியை மூன்று முறை சரிபார்த்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிஜமாவே படகுல ஏறப்போறோம், இல்லைங்க?"

"கணக்குப் போட்டது யாரு?" என்றார் அரை கிராம், நெஞ்சை நிமிர்த்தி.

கவுன்ட்டரில் இருந்த பெண் டிக்கெட்டை உறையில் போட்டு நீட்டியபடி ஓலைத் தொப்பியை ஒரு கணம் பார்த்தாள்.

"தொப்பி வேண்டாம் மேடம், கம்பளி நிறைய எடுத்துக்கங்க; அந்த நாட்டுல பருவம் நமக்கு நேர் தலைகீழ், ஜூன்ல ஏரி உறைஞ்சு படகையெல்லாம் கவுத்து வச்சிருப்பாங்க... சார் கம்பெனியில இருந்து நேத்து பதினோரு பேர் வந்து டிசம்பருக்கு எடுத்துட்டுப் போனாங்களே, அவங்களுக்கு யாரோ ஒரு கெட்டிக்காரர் அரை கிராம் பிசகாம அட்டவணை போட்டுக் கொடுத்தாராம்."